குளிர் மலைச்சரிவில் ஒரு மிளகு வாசம்

ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே இருக்கிற டாஸ்மேனியா தீவின் தலைநகரம் ஹோபார்ட். அங்கே ஜனவரியும் பிப்ரவரியும்தான் உச்சக் கோடை. அந்தக் கோடையின் மத்தியான வெயில் சராசரியாக 22 டிகிரிக்குப் பக்கத்தில் நிற்கும். நம்ம ராயபுரத்தில் தை மாச விடியற்காலையில் மஃப்ளரைக் காதோடு சுற்றிக்கொண்டு டீக்கடை வாசலில் நிற்பார்களே, அப்போது தெர்மாமீட்டரைப் பார்த்தால் ஏறக்குறைய அதே 21, 22தான் காட்டும். நம்மை மஃப்ளர் தேட வைக்கிற அந்த அளவு வெப்பத்தை வைத்துக்கொண்டு அவர்கள் ஒரு சிவப்புத் திராட்சையைப் பழுக்க வைக்க வேண்டும்.

பழுக்கிறது. மெதுவாக, தயங்கித் தயங்கி, சில வருஷம் சரியாக வராமலே போனாலும், பழுக்கிறது. அப்படிப் பழுத்த பழத்தில் இருந்து வரும் சிவப்பு ஒயினுக்கென்று ஒரு தனிக் குணம் உண்டு. அந்தக் குணம் எங்கிருந்து வருகிறது என்பதை என் மக்களுக்கு என் பாஷையில் சொல்லிப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

நான் சொகுசுக் கப்பலில் பல வருஷம் வேலை பார்த்தவன். வடசென்னைப் பையன்கள் நிறையப் பேர் போகிற வழிதான். கேட்டரிங் டிப்ளமோ, ஏஜென்ட் ஆபீஸ், மெடிக்கல், சிடிசி என்கிற கப்பல் வேலைப் புத்தகம், பிறகு பாஷை தெரியாத ஏதோ ஒரு துறைமுகத்தில் பெட்டியோடு நிற்பது. தட்டு எடுப்பதில் ஆரம்பித்து, மேஜை மேஜையாக ஒயின் பரிமாறும் ஸ்டூவர்ட் ஆனேன். கப்பல் எந்தத் துறைமுகத்தில் நின்றாலும், ஷிஃப்டுக்கு நடுவே நாலு மணி நேரம் கிடைத்தால், பக்கத்தில் திராட்சைத் தோட்டம் இருக்கிறதா என்று விசாரிப்பது என் வழக்கம்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் வளர்ந்த தெருவில் குடி அழித்த வீடுகள் எவை எவை என்று எனக்குத் தெரியும். என் பெரியப்பா அப்படித்தான் போனார். அதனாலேயே எங்க நைனா வாழ்க்கையில் ஒரு சொட்டு தொட்டதில்லை. நான் ஒயின் ஊற்றும் வேலைக்கு மாறிவிட்டேன் என்று தெரிந்தபோது கொஞ்ச நாள் போனில் முகம் கொடுத்துப் பேசவில்லை. யாரையும் குடிக்கச் சொல்லி இதை நான் எழுதவில்லை. ஒரு செடிக்கும் ஒரு நிலத்துக்கும் இடையே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு வாய்கூடக் குடிக்கத் தேவையில்லை. அதை எனக்குக் காட்டியவரே நைனாதான். அந்தக் கதை பின்னால் வருகிறது.

முதலில் குளிர்ப் பிரதேசம் என்றால் எது என்று பார்த்துவிடலாம். திராட்சைக் கொடி 10 டிகிரிக்குக் கீழே போனால் வளர்ச்சியை நிறுத்திவிடும். அதை அடிப்படையாக வைத்து 1944ல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் நகரில் இருந்த மேனார்ட் அமரைன், ஆல்பர்ட் விங்க்லர் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். ஏப்ரலில் இருந்து அக்டோபர் முடிய (டாஸ்மேனியா மாதிரித் தென்பாதி பூமிக்கு அக்டோபரில் இருந்து ஏப்ரல் முடிய), ஒவ்வொரு நாளின் சராசரி வெப்பத்தில் இருந்தும் 10ஐக் கழிக்க வேண்டும். மிச்சத்தை எல்லாம் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை 1,390க்குள் அடங்கினால் அது முதல் வகுப்பு, ஆகக் குளிர்ந்த பூமி. 2,220ஐத் தாண்டினால் ஐந்தாம் வகுப்பு, கொளுத்துகிற பூமி. நம்ம ஊருக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த ஏழு மாதத்தில் சென்னையின் சராசரி சுமார் 30 டிகிரி. நாளுக்கு 20 என்று வைத்தால் 214 நாளுக்கு 4,200ஐத் தாண்டுகிறது. அவர்கள் வகுப்புப் பிரித்த தாளில் நமக்கு இடமே இல்லை.

பிரான்ஸின் பர்கண்டி, அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் இருக்கிற வில்லமெட் பள்ளத்தாக்கு, நியூசிலாந்தின் சென்ட்ரல் ஒடாகோ, டாஸ்மேனியா, ஜெர்மனியின் ஆர் பள்ளத்தாக்கு எல்லாம் காலங்காலமாக முதல் வகுப்பில் இருந்தவை. இந்தக் கணக்கு காற்றைப் பார்க்காது, மேகத்தைப் பார்க்காது, சரிவு எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது என்று கேட்காது. அதனால் இன்றைக்குப் பலர் இதை முழுசாக நம்புவதில்லை. ஆனாலும் ஊரை முதல் பார்வையில் எடைபோட இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

இனி பழத்துக்குள் போவோம். திராட்சை பழுக்கும்போது இரண்டு வேலை நடக்கிறது. சதையில் சர்க்கரை ஏறிப் புளிப்பு இறங்குவது ஒன்று. தோலிலும் விதையிலும் நிறமும் வாசனையும் துவர்ப்பும் முதிர்வது இன்னொன்று. வெயில் கொட்டுகிற ஊரில் முதல் வேலை ஓட்டமாக முடிந்துவிடும், இரண்டாவது பின்தங்கிவிடும். தோல் முதிரட்டும் என்று காத்திருந்தால் சர்க்கரை எகிறி, அந்தச் சர்க்கரை எல்லாம் ஆல்கஹாலாக மாறி, ஒயின் 15 சதவீதத்தைத் தொடும். வாயில் ஊற்றினால் ஜாம் மாதிரி கனக்கும், தொண்டையில் சுடும். குளிர்ந்த ஊரில் சர்க்கரை அவசரப்படாது. இரண்டு வேலையும் சேர்ந்து நடக்க அவகாசம் கிடைக்கிறது. பச்சை ஆப்பிளைக் கடித்தால் பல் கூசுமே, அந்த மாலிக் அமிலத்தைப் பழம் வெப்பத்தில் தன் சுவாசத்திலேயே எரித்துத் தீர்த்துவிடும். இரவு நன்றாகக் குளிர்ந்தால் அது தங்கும். அதனால்தான் குளிர்ப் பிரதேசச் சிவப்பு ஒயினைக் குடித்தவுடன் வாய் ஊறுகிறது.

குளிர் இந்தப் பழத்துக்குக் கொடுப்பது நேரம். நான் இத்தனை வருஷத்தில் புரிந்துகொண்டதை ஒரே வரியில் கேட்டால் இதைத்தான் சொல்வேன். கீழே சொல்லப்போகிற ஊர்களும் வாசனைகளும் எல்லாம் அந்த நேரத்தில் இருந்து பிறந்தவைதான்.

ஹோபார்ட்டில் இருந்து கார் எடுத்தால் அரை மணி நேரத்துக்குள் கோல் ரிவர் பள்ளத்தாக்கு வந்துவிடும். முதல் தடவை நான் போனது மார்ச் கடைசியில், அறுவடை நெருங்கிய சமயம். வரிசை வரிசையாகக் கொடிகள் மேல் வெள்ளை வலை போர்த்தியிருந்தார்கள், பறவைக்காக. தோட்டத்து அம்மா வலையைத் தூக்கி ஒரு குலையைக் காட்டினார். பினோ நுவார் என்ற சிவப்புத் திராட்சை. நம்ம மார்க்கெட்டில் பார்க்கிற திராட்சையில் பாதி அளவுகூட இல்லை ஒவ்வொரு பழமும். பழங்கள் ஒன்றோடொன்று இடைவெளி இல்லாமல் நெருக்கியடித்துக்கொண்டு, பார்ப்பதற்குப் பைன் காய் போல இருந்தது குலை. ஒரு பழத்தைப் பிய்த்துக் கொடுத்து, விதையைத் துப்பாமல் கடித்துப் பார்க்கச் சொன்னார். மெல்லிய தோல், நாக்கில் தேன், அடுத்த நொடியே சுளீர் என்று புளிப்பு. விதை பழுப்பேறி, மொறுமொறுவென்று உடைந்தது. இன்னொரு வரிசையில், நிழல் விழுகிற பக்கத்தில் இருந்து ஒரு பழம் கொடுத்தார். அதன் விதை பச்சையாக இருந்தது, கடித்ததும் நாக்கு இழுத்துக்கொண்டது. “இந்த வரிசைக்கு இன்னும் பத்து நாள் வேணும்” என்றார். சர்க்கரை அளக்கிற கருவி அவர் சட்டைப்பையிலேயே இருந்தது. அதை வெளியே எடுக்கவே இல்லை.

டாஸ்மேனியாவில் இதெல்லாம் ரொம்பப் பழசு இல்லை. 1956ல் பிரான்ஸில் இருந்து வந்த ஜான் மிகே தீவின் வடக்கே கொடி நட்டார். 1958ல் இத்தாலியில் பிறந்த கிளாடியோ அல்கோர்ஸோ ஹோபார்ட் பக்கம் டெர்வென்ட் ஆற்றங்கரையில் நட்டார். இன்றைக்கு அந்தத் தீவின் பினோ நுவாருக்கு உலகமெங்கும் மரியாதை.

பினோ நுவாரைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் எனக்குத் திருப்தி வராது. தோல் மெல்லிசு, நிறமும் குறைவு. நிறத்தைப் பிடித்து நிறுத்துகிற ஒரு வகை அந்தோசயனின் என்ற நிறமி மற்றச் சிவப்புத் திராட்சைகளில் உண்டு, இதில் கிடையாது. அதனால் கோப்பையைச் சாய்த்துப் பின்னால் விரலை வைத்தால் விரல் தெரியும். கப்பலில் எத்தனையோ பேர் “என்னப்பா, தண்ணி கலந்துட்டியா?” என்கிற மாதிரி என்னைப் பார்த்திருக்கிறார்கள். வெளிர் நிறத்தைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் கோப்பைக்குள் மூக்கை விட்டால் மாறிவிடுவார்கள். இளசாக இருக்கும்போது செர்ரி, ராஸ்பெர்ரி. சில வருஷம் பாட்டிலில் கிடந்தால் காய்ந்த இலை, காளான், ஈர மண். முதல் மழை விழுந்ததும் பழைய வண்ணாரப்பேட்டைச் சந்துகளில் எழும்புகிற வாசனையின் ஒரு இழை அதில் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். சூடான ஊரில் நட்டால் இந்தத் திராட்சை இதில் ஒன்றையும் தராது. சீக்கிரம் பழுத்துச் சொத்தைப் பிளம் மாதிரி ஆகிவிடும்.

இதன் தாய்வீடு பர்கண்டி. டிஜோனில் இருந்து தெற்கே நீளுகிற கோட் டோர் என்ற சுண்ணாம்புக்கல் சரிவு. அங்கே நூற்றாண்டுக் கணக்கில் துறவிகள் கொடி வளர்த்து, எந்தத் துண்டு நிலத்தில் எப்படி வருகிறது என்று பிரித்துப் பிரித்துப் பார்த்தார்கள். அந்தத் துண்டு நிலங்களை 2015ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 1395ல் அந்தப் பிரதேசத்தை ஆண்ட பிலிப் என்ற பிரபு, கமே என்ற இன்னொரு சிவப்புத் திராட்சையைப் பிடுங்கி எறியச் சொல்லி ஆணை போட்டான். கமே நிறையக் காய்க்கும், சீக்கிரம் பழுக்கும், ஏழைக் குடியானவனுக்குச் சோறு போடும். பிரபுவுக்கு அது பிடிக்கவில்லை. விரட்டப்பட்ட கமே தெற்கே பொஜோலே மலைகளின் கருங்கல் மண்ணில் போய் வேர் பிடித்து, இன்றைக்கு அங்கே ராஜாவாக இருக்கிறது. எனக்குக் கமேயைப் பிடிக்கும். அதற்கு இந்தக் கதையும் ஒரு காரணம்.

ஓரிகன் கதையும் இப்படித்தான். 1960களின் நடுவில் டேவிட் லெட் என்ற இளைஞர் பினோ நுவார் நாற்றுகளை எடுத்துக்கொண்டு வில்லமெட் பள்ளத்தாக்குக்குப் போனார். அங்கே குளிரும் மழையும் அதிகம், திராட்சை சரிப்படாது என்பதுதான் படித்தவர்கள் எண்ணம். அவருடைய 1975ஆம் வருஷத்து ஒயின் 1979ல் பாரிஸில் நடந்த ஒரு சுவைப்போட்டியில் முன்வரிசைக்கு வந்துவிட்டது. நம்பமுடியாத பர்கண்டி வியாபாரி ரொபேர் துரூவேன் அடுத்த வருஷமே தன் ஊரில் மறுபடி போட்டி வைத்தார். அதில் லெட்டின் ஒயின் இரண்டாவது. அந்தத் துரூவேன் குடும்பம் 1987ல் ஓரிகனிலேயே நிலம் வாங்கியது.

சென்ட்ரல் ஒடாகோவுக்கு நான் போனதில்லை. கப்பல் போர்ட் சாமர்ஸில் நிற்கும், அங்கிருந்து மலைக்கு உள்ளே பல மணி நேரப் பயணம், ஒரு நாள் லீவில் போய்த் திரும்ப முடியாது. ஆனால் அந்த ஒயினைப் பல நூறு கோப்பைகளில் ஊற்றியிருக்கிறேன். பூமத்திய ரேகைக்குத் தெற்கே 45 டிகிரி. கடல் காற்று எட்டாத உள்நாடு, படலம் படலமாக உரியும் ஷிஸ்ட் பாறை, பகலில் சுள்ளென்ற வெயில், ராத்திரி எலும்பைத் துளைக்கும் குளிர். 1860களில் தங்கம் தேடி வந்த கூட்டத்தோடு வந்த ஒரு பிரெஞ்சுக்காரர் அப்போதே அங்கே கொடி நட்டிருக்கிறார். பிறகு நெடுங்காலம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 1987ல்தான் கிப்ஸ்டன் பள்ளத்தாக்கில் விற்பனைக்கான முதல் பினோ நுவார் உருவானது. பர்கண்டியைவிட அடர்த்தியான பழம், ஆனால் அதே வாயூறும் புளிப்பு.

இந்த ஊர்களில் தோட்டக்காரன் தூக்கத்தைக் கெடுப்பது உறைபனி. வசந்தத்தில் துளிர் விட்ட பிறகு ஒரு ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழே போனால் அந்த வருஷத்து வருமானம் போச்சு. பிரான்ஸில் வரிசைகளுக்கு நடுவே நூற்றுக்கணக்கான மெழுகுவாளிகளை ராத்திரியெல்லாம் எரிய விடுகிறார்கள். சில இடங்களில் பெரிய விசிறிகள், நியூசிலாந்தில் ஹெலிகாப்டர்கூட. மேலே நிற்கிற சூடான காற்றைக் கீழே தள்ளத்தான் இதெல்லாம். இன்னொரு முறை கேட்டால் விசித்திரமாக இருக்கும், துளிர் மேல் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். தண்ணீர் பனிக்கட்டியாக உறையும்போது வெளிவிடும் வெப்பம் உள்ளே இருக்கிற துளிரைக் காப்பாற்றிவிடுகிறது.

நம்ம பக்கத்துக் கொடிக்கு இந்தப் பயமே இல்லை. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையைத் தெரியாதவர் உண்டா? 2023ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதுதான். அங்கே வருஷம் பூரா ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடந்துகொண்டே இருக்கும். கொடி தூங்குவதே இல்லை, கவாத்து செய்தால் மறுபடி துளிர்த்துப் பூத்துக் காய்த்துவிடும். பெரம்பூரில் எங்களுக்குத் தெரிந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தில் கிறிஸ்துமஸுக்கு அந்தப் பழத்தைச் சர்க்கரையோடு பீங்கான் ஜாடியில் ஊறப்போட்டு ஒயின் செய்வார்கள். இனிப்பும் ரோஜா வாசமுமாக இருக்கும். அதற்கென்று ஒரு சந்தோஷம் இருக்கிறது. ஹோபார்ட்டிலோ ஜூலையில் போனால் கொடி வெறும் குச்சி. மாதக்கணக்கில் தூங்கி எழுந்து, வருஷத்துக்கு ஒரே ஒரு தடவை காய்க்கிறது.

இப்போது மிளகுக்கு வருகிறேன். இதற்காகத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன்.

பிரான்ஸின் ரோன் ஆற்றின் வடபகுதியில், கோட் ரோட்டி, எர்மிதாஜ் போன்ற செங்குத்துச் சரிவுகளில், சிரா என்றொரு சிவப்புத் திராட்சை விளைகிறது. இதே சிராவை ஆஸ்திரேலியாவில் ஷிராஸ் என்பார்கள். சூடான இடத்தில் விளைந்தால் சாக்லேட், கருப்புப் பழம், கனம். குளிர்ந்த இடத்தில் விளைந்தால் மிளகு மணக்கும். “மிளகு மாதிரி” என்று சும்மா சொல்வதில்லை, மிளகேதான். அது ஏன் என்று ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிலையத்தில் பல வருஷம் தேடி, 2008ல் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். ரோட்டண்டோன் என்ற ஒரு பொருள். திராட்சைத் தோலில் இருக்கிறது. நம்ம அஞ்சறைப்பெட்டி மிளகிலும் இருக்கிறது, ஒயினில் இருப்பதைவிடப் பல ஆயிரம் மடங்கு அதிகமாக. மிளகுக்கு மிளகு வாசனையைக் கொடுப்பதே பெரும்பாலும் அதுதான்.

எவ்வளவு இருந்தால் மனித மூக்கு அதைக் கண்டுபிடிக்கும் என்றும் அளந்தார்கள். தண்ணீரில் லிட்டருக்கு 8 நானோகிராம், சிவப்பு ஒயினில் 16. இந்த எண் எனக்குப் பிடிபடவே இல்லை. அதனால் புழல் ஏரியை வைத்துக் கணக்குப் போட்டேன். கரை தளும்ப நிரம்பினால் புழலில் 3,300 மில்லியன் கன அடி தண்ணீர், பேப்பரில் தினமும் பார்க்கிறோம். ஏரி முழுக்க மிளகு மணக்க எவ்வளவு ரோட்டண்டோன் வேண்டும் தெரியுமா? முக்கால் கிலோ. ஒரு முழு ஏரிக்கு முக்கால் கிலோ! மூக்கு என்பது எப்பேர்ப்பட்ட கருவி என்று அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

எங்க நைனா கொத்தவால்சாவடிப் பக்கம் ஒரு மளிகை மண்டியில் வாழ்நாள் முழுக்க வேலை பார்த்தவர். மிளகு, சீரகம், மல்லி. மூட்டையில் இரும்புக் குழாயைக் குத்தி ஒரு கை சாம்பிள் எடுப்பார். உள்ளங்கையில் உருட்டி, இரண்டு மணியை நகத்தால் நசுக்கி, மூக்கருகே கொண்டு போவார். வயநாட்டுச் சரக்கா, கொல்லிமலைச் சரக்கா, போன வருஷத்துச் சரக்கைக் கலந்திருக்கிறார்களா என்று சொல்லிவிடுவார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் சட்டையைக் கழற்றும்போதே அந்த வாசனை வரும். நான் வளர்ந்த வாசனை அது.

ஒரு தடவை லீவில் வரும்போது, மார்செய்யில் வாங்கிய வட ரோன் சிரா ஒன்றைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தேன். குரோஸ் எர்மிதாஜ் என்ற ஊர்ச் சரக்கு, விலை அதிகமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திறந்து கோப்பையில் கொஞ்சம் ஊற்றினேன். நைனா ஈசிசேரில் இருந்தார். கோப்பையைச் சுழற்றி அவர் மூக்குக்கு நேராகப் பிடித்தேன்.

“எனுக்கு எதுக்குடா இந்தக் கருமாந்திரம்?”

“குடிக்க வேணாம் நைனா. மோந்து மட்டும் பாரு.”

முகத்தைச் சுளித்துக்கொண்டே ஒரு இழுப்பு இழுத்தார். சுளிப்பு அப்படியே நின்றுவிட்டது. கோப்பையை என் கையில் இருந்து வாங்கி மறுபடி மோந்தார். கண்ணை மூடிக்கொண்டு மூன்றாவது தடவை.

“இதுல மொளகு போட்டுக்கிறானுங்களா இன்னா?”

“இல்ல நைனா. வெறும் திராட்சை.”

“பொய் சொல்லாத. இது மொளகு. காஞ்ச மொளகு இல்ல, புதுசு. நசுக்குன உடனே வருமே, அது.”

உள்ளே இருந்து அக்காவைக் கூப்பிட்டார். அக்கா மோந்து பார்த்துவிட்டு, “எனக்கு ஒண்ணும் தெரியலயே, பழ வாசனைதான் வருது” என்றாள். நைனாவுக்கு நம்பவே முடியவில்லை. “இன்னா மூக்கு வச்சிருக்க நீ?” என்று திட்டினார். பாவம், அக்கா மேல் தப்பில்லை. அந்த ஆராய்ச்சியிலேயே ஐந்தில் ஒருவருக்கு ரோட்டண்டோன் எவ்வளவு கூடினாலும் தெரியவில்லை. ஒரே ஒயினை இரண்டு பேர் மோந்தால் இரண்டு ஒயினாகத் தெரிவதற்கு இதைவிட நேரான விளக்கம் நான் கேட்டதில்லை. அதற்குப் பிறகு எந்தப் பயணியாவது “எனக்கு மிளகெல்லாம் தெரியலை” என்று கூச்சப்பட்டால் அக்காவைப் பற்றித்தான் சொல்வேன்.

நைனா அன்றைக்கும் ஒரு வாய் குடிக்கவில்லை. ஆனால் கேள்வி மேல் கேள்வி. அது எந்த ஊர், மழை எவ்வளவு, மலையா சமவெளியா, நிழல் உண்டா. மிளகுக்குக் கேட்கிற அதே கேள்விகள். ஆச்சரியம் என்னவென்றால் அத்தனையும் சரியான கேள்விகள். குளிர்ந்த, ஈரமான வருஷத்தில் ரோட்டண்டோன் கூடுகிறது. ஆஸ்திரேலியாவில் மவுன்ட் லங்கி கிரான் என்ற தோட்டத்தில் பகுதி பகுதியாக அளந்தபோது, ஒரே தோட்டத்துக்குள்ளேயே ஒரு மூலைக்கும் இன்னொரு மூலைக்கும் பெரிய வித்தியாசம் இருந்தது. பழத்தின் வெப்பம் 25 டிகிரியைத் தாண்டி நிற்கிற நேரம் கூடக் கூட மிளகு குறைந்துகொண்டே போகிறது.

இதே மாதிரி இன்னொன்று, சுருக்கமாக. பிரான்ஸின் லுவார் ஆற்றங்கரையில் ஷினோன் என்ற ஊர்ப் பக்கம் காபர்னே ஃப்ரான் என்ற சிவப்புத் திராட்சை விளைகிறது. அதில் குடைமிளகாயை நறுக்கினால் வருகிற பச்சை வாசம் இருக்கும். அதற்குக் காரணம் மெத்தாக்ஸிபைரசின், குடைமிளகாயில் இருக்கிற அதே பொருள். வெயிலில் அது கரைந்துபோகும், குளிரிலும் நிழலிலும் தங்கும். அளவோடு இருந்தால் ஒயினுக்கு ஒரு சுறுசுறுப்பு வருகிறது, மீறினால் பச்சைக் காயைத் தின்ற மாதிரி. குளிரில் விவசாயம் செய்வது இந்த விளிம்பில் நிற்கிற வேலை.

நம்ம சாப்பாட்டோடு இந்த வகை ஒயின்தான் சேரும் என்பது என் தீர்மானமான கருத்து. டானின் என்கிற துவர்ப்பு கூடிய, ஆல்கஹால் கூடிய ஒயினை மிளகாய்க் காரத்தோடு வைத்தால் வாய் எரியும், இரண்டும் கெடும். பினோ நுவாரும் கமேயும் மெல்லியவை, புளிப்புள்ளவை. காசிமேட்டில் வாங்கிய வஞ்சிரத்தை வறுத்து எலுமிச்சை பிழிந்தால் அந்தப் புளிப்பு அழகாகக் கைகோக்கும். மிளகுக் கோழிக்குச் சிரா. ஒரே நிபந்தனை, சூடு. சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பரிமாற வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கிறதே, அந்த அறை ஐரோப்பாவில் 17 டிகிரியில் இருந்த கல்வீடு. தண்டையார்பேட்டையில் மே மாசத்து அறை இல்லை. அரை மணி, முக்கால் மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுங்கள். இல்லாவிட்டால் ஆல்கஹால் மட்டும்தான் மூக்கில் ஏறும், குளிர் அத்தனை மாதம் உழைத்துச் சேர்த்ததெல்லாம் வீண்.

அந்தக் குளிர் இப்போது குறைந்துகொண்டு வருகிறது. பர்கண்டியின் போன் நகரத்தில் 1354ல் இருந்து அறுவடைத் தேதிகள் பதிவாகியிருக்கின்றன. 2019ல் அந்தப் பட்டியல் முழுவதையும் ஆராய்ந்து வெளியிட்டார்கள். ஆறு நூற்றாண்டுகளாகச் சராசரியாகச் செப்டம்பர் கடைசியில் நடந்த அறுவடை, 1988க்குப் பிறகு சராசரியாக 13 நாள் முந்திவிட்டது. குளிர் கொடுப்பது நேரம் என்று சொன்னேனே, அந்த நேரத்தில் 13 நாள் போய்விட்டது. தோட்டக்காரர்கள் மலையில் இன்னும் மேலே ஏறுகிறார்கள், நிழல் சரிவுகளைத் தேடுகிறார்கள். இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸில் இன்றைக்குப் பினோ நுவாரில் சிவப்பு ஒயின் செய்கிறார்கள். அவர்களுக்கு அது நல்ல செய்திதான். வட ரோனில் மிளகு என்ன ஆகும் என்று யோசித்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது.

ஆர் பள்ளத்தாக்கில் நடந்தது இன்னும் கொடுமை. ஜெர்மனியில், பூமத்திய ரேகைக்கு வடக்கே 50 டிகிரிக்கும் மேலே, சிலேட்டுக்கல் சரிவுகள் பகல் வெயிலைப் பிடித்து வைத்துக்கொண்டு ராத்திரியில் கொடிக்குக் கொடுப்பதால்தான் அங்கே சிவப்புத் திராட்சையே சாத்தியம். 2021 ஜூலை 14 ராத்திரி ஆறு பொங்கியது. அந்தப் பள்ளத்தாக்கில் மட்டும் 130க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஒயின் பாதாள அறைகள் சேற்றில் மூழ்கின. பிறகு அந்தச் சேற்றைத் துடைக்காமல், சேறு அப்பிய பாட்டில்களை அப்படியே விற்று நிவாரணத்துக்குப் பணம் திரட்டினார்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் வந்து படிந்ததே, படகும் வலையும் கருப்பாகிப் போனதே, அப்போது மீனவர் வீடுகளுக்கு உதவப் போன எங்கள் கூட்டத்தில் நானும் இருந்தேன். வலையைக் கையில் எடுத்தால் பிசுபிசுவென்று ஒட்டியது. அந்த வலையை யார் விலை கொடுத்து வாங்குவார்கள்? ஆர் பள்ளத்தாக்குக்காரர்களின் சேற்றுப் பாட்டிலை உலகம் வாங்கியது. நம்ம ஜனங்களுக்கு அந்த வாய்ப்புக்கூட இல்லை. இதை இங்கே எழுதாமல் என்னால் கடக்க முடியவில்லை.

கேட்டரிங் படிக்கிற தம்பி தங்கைகள் சிலர் என்னிடம் வருகிறார்கள். ஒயின் தேர்வுக்கான வாசனைப் பட்டியலைப் பார்த்துப் பயந்துபோய் வருகிறார்கள். கூஸ்பெர்ரி, பிளாக்கரன்ட், வயலட் பூ, ஒன்றையும் மோந்ததே இல்லையே அண்ணா என்பார்கள். அதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், சிராவில் இருந்து ஆரம்பியுங்கள் என்பேன். லேபிளில் ஊரைப் பாருங்கள், வட ரோனாக இருக்கட்டும், ஆல்கஹால் 13 சதவீதத்தை ஒட்டி இருக்கட்டும். வீட்டில் இருந்து ஐந்தாறு மிளகு எடுத்து வாருங்கள், பொடி வேண்டாம், முழு மிளகு. நசுக்கி மோந்து பாருங்கள், கொஞ்சம் இடைவெளி விட்டுக் கோப்பையை மோந்து பாருங்கள். மூக்கு களைத்துப் போகும், அப்போது சொந்த முழங்கையை மோந்தால் சரியாகிவிடும். மறுபடி மிளகு, மறுபடி கோப்பை. பெரும்பாலானவர்களுக்கு வந்துவிடும். வராதவர்கள் ஐந்தில் ஒருவர் கணக்கில் சேர்ந்தவர்கள். அவர்களுக்கு ஷினோன் ஊற்றி, ஒரு குடைமிளகாயை நறுக்கிக் கையில் கொடுத்துவிடுவேன்.